ஆவன்னாவின் சுழி

டாக்டர் என்றதும் எல்லோரும் முதலில் நீட்டுவது முழங்காலைத்தான். சின்னவள் பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அவளுடைய அம்மா "எங்க சின்னவ டாக்டர்" என்று கட்டிடம் முழுக்கத் தமுக்கடித்து வைத்ததில், எதிர்வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்து அழைப்புமணியை அடிப்பார். "நான் அந்த டாக்டர் இல்லைங்க, மறதி நோயைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ" என்று இவள் சொல்லுவாள். "பரவாயில்லம்மா, சும்மா பாருங்க" என்று அவரும் விடமாட்டார். போதாக்குறைக்கு, வாரம் ஒருதரமாவது சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்பாள். மறதியைப் படிக்கிறவளுக்கு வந்த மறதியைப் பார் என்று வீட்டில் சிரிக்காத ஆள் கிடையாது.

வீட்டில் டாக்டராக இருந்து என்ன, ஆராய்ச்சி நிலையத்தில் அவள் வெறும் ஒப்பந்தக்காரி. அந்த ஒப்பந்தமும் இன்னும் பதினொரு வாரத்தில் முடிகிறது. அதற்குள் மூன்று வருடத்துக்கான ஆய்வு நிதி ஒன்று கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் பெட்டி படுக்கையோடு அக்கா வீட்டு சோபாவுக்குப் போக வேண்டியதுதான். விண்ணப்பித்த நூற்றுச் சொச்சம் பேரில் ஐந்து பேரை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அந்த ஐந்தில் இவளும் ஒருத்தி. நேர்காணல் வெள்ளிக்கிழமை.

அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, இன்னொரு கூத்து இருந்தது. மறதி நோய் ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வாழ்க்கை பற்றியும் வேலை பற்றியும் ஆலோசனை சொல்லும் கூட்டம். பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். பேராசிரியர் நடைபாதையில் சின்னவளை நிறுத்தி, "பத்து நிமிஷம் நீ பேசிடு. சுருக்கமா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் எதைச் சொன்னாலும் "சுருக்கமா" என்றுதான் முடிப்பார். நிலையத்தில் அவருக்குப் பெயரே சுருக்கம்.

பதினொரு வாரத்தில் வேலை போகப்போகிறவள் அடுத்தவர்களுக்கு வேலை ஆலோசனை சொல்வதா என்று சின்னவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் உட்கார்ந்து ஏழு குறிப்பு எழுதினாள். நல்ல வழிகாட்டியாகத் தேடிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். ஒழுங்காகத் தூங்குங்கள். இப்படி ஏழு. ஏழில் ஒன்றைக்கூட அவள் உருப்படியாகச் செய்ததில்லை.

அவளுடைய ஆய்வு இதுதான். மறதி ஆரம்பித்திருக்கிற நாற்பத்திரண்டு பேர் தினமும் ஒரு மணி நேரம் நடப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் நிலையத்துக்கு வந்து பரிசோதனை கொடுப்பார்கள். பத்து வார்த்தைகளை மூன்று முறை படித்துக்காட்டி, இருபது நிமிடம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பழகிப்போகும் இல்லையா, அதனால் பட்டியல்கள் இரண்டு. முதல் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் அ. இரண்டாம் தடவைக்கும் நான்காம் தடவைக்கும் ஆ. எழுத்து, தாளின் வலது மூலையில் அச்சாகியிருக்கும். படிக்கிறவர்களும் இரண்டு பேர். கண்ணாடிக்காரர் அ பட்டியலை மட்டும் படிப்பார். சிரிப்பு அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் ஆ பட்டியலை மட்டும் படிப்பாள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கணக்குப் போடுகிற சின்னவள் பரிசோதனை அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. யாருடைய ஆசையும் மதிப்பெண்ணில் கலந்துவிடாமல் இருக்கத்தான் இவ்வளவு கெடுபிடி.

மூன்று பரிசோதனை முடிந்து நான்காவதும் முக்கால்வாசி ஆகியிருந்தது. மதிப்பெண் குறையவில்லை. குறைய வேண்டியது குறையவில்லை என்றால் அது இந்தத் துறையில் சாதாரண விஷயமா! கூடவே இன்னொன்றும் கிடைத்திருந்தது. பதினொரு பேருக்கு நடக்காததை நடந்ததாகச் சொல்லும் 'பொய் நினைவு' வந்திருந்தது. ஞாபகம் நிலைக்கிறது, அதே சமயம் பொய் நினைவு முளைக்கிறது. விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் சேர்த்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். தேர்வுக்குழுவுக்கு அந்த இரண்டு பக்கம்தான் ரொம்பப் பிடித்துப்போனதாகக் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சிரிப்பு அக்கா படியில் கால் பிசகி விழுந்து லீவு போட்டாள். அன்றைக்கு நான்காம் பரிசோதனைக்கு வரவேண்டியவர் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அன்றோடு அவருக்கான கெடு முடிகிறது, வேறு நாள் கொடுக்க முடியாது. "நீயே பண்ணிடு. விதிவிலக்குன்னு நான் எழுதிக்கறேன்" என்றார் சுருக்கம். ஒன்றரை வருடமாக எண்களாக மட்டுமே பார்த்த ஆட்களில் ஒருவரைச் சின்னவள் முதல்முறையாக நேரில் பார்க்கப் போனாள்.

கண்டக்டர் தேய்த்த சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார். அறைக்குள் நுழைந்ததும் இருந்த மூன்று நாற்காலியையும் ஒருமுறை எண்ணிவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி பின்னால் சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

"சார், இப்போ நான் பத்து வார்த்தை படிப்பேன். நல்லா கவனிச்சு..." என்று சின்னவள் உறையைப் பிரிப்பதற்குள், கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"கதவு! கதவு எறங்குறவங்க முன்னாடி வாங்க. அடுத்தது எலுமிச்சை. கயிறு, குதிரை, மணி... மணில ரெண்டு நிமிஷம் நிக்கும். சட்டை, கிளி, பாலம், தோணி. விளக்கு! கடைசி ஸ்டாப், எல்லாரும் எறங்குங்க."

சின்னவள் உறையிலிருந்து தாளை எடுத்தாள். வலது மூலையில் ஆ. கதவு, எலுமிச்சை, கயிறு, குதிரை, மணி. ஒன்றுகூடப் பிசகவில்லை, வரிசைகூட மாறவில்லை. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம், அதுதான் கொடுமை. ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்ட பட்டியல் இவருக்கு அப்படியே நிற்கிறதே, இதை வெள்ளிக்கிழமை சொன்னால் போதுமே என்று மனசு துள்ளியது.

"ஒரு வருஷம் முன்னாடி படிச்சது, அப்படியே சொல்றாரேம்மா!" என்றாள் மனைவியைப் பார்த்து.

அந்த அம்மாள் விழித்தார். "ஒரு வருஷமா? போன தடவையும் இதேதானே கேட்டாங்க, டாக்டரம்மா? அந்தக் கண்ணாடி போட்ட தம்பி. ஒவ்வொரு தடவையும் இதைத்தானே கேக்குறீங்க? சரி, நீங்க குடுத்த பாடம்போலன்னு நெனச்சு, தினம் காலையில டீ குடிக்கும்போது நான்தான் ஒப்பிக்க வைக்கிறேன். மத்த எதுவும் நிக்க மாட்டேங்குது. பேரன் பேரு நிக்கல. இது மட்டும் பஸ் ரூட் மாதிரி நிக்குது."

மீதிப் பரிசோதனையைச் சின்னவள் எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர்களைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கோப்பு அறைக்கு ஓடினாள்.

அவள் இதுவரை மூலையிலிருந்த எழுத்தையும், அடியிலிருந்த மதிப்பெண்ணையும்தான் பார்த்திருக்கிறாள். நடுவிலிருந்த வார்த்தைகளைக் கண்ணாடிக்காரரும் சிரிப்பு அக்காவும் ஆளுக்கொரு பக்கம் படித்தார்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அ தாளில் கதவு, எலுமிச்சை, கயிறு. ஆ தாளிலும் கதவு, எலுமிச்சை, கயிறு. நாற்பத்திரண்டு பேருக்கும் அப்படியே. நகலெடுக்க வைத்திருந்த மூலத்தாளை அலமாரியிலிருந்து உருவியபோதுதான் விஷயம் புரிந்தது. மூலையிலிருந்த அந்த ஆவன்னாவின் சுழி அச்சு இல்லை. பேனாவில் போட்டது. நீல மை. அவளுடைய கை.

இந்த நிலையத்தில் சேர்ந்த முதல் வாரம் அது. அ பட்டியலை நகலெடுத்து முடித்துவிட்டு, அடுத்த தாளை எடுப்பதாக நினைத்து அதே தாளின் இன்னொரு பிரதியை எடுத்திருக்கிறாள். மூலையில் அ என்று இருந்தது. ஐயையோ, நகல் இயந்திரம் ஓரத்தை விழுங்கிவிட்டது, ஆவன்னாவின் சுழி போய்விட்டது என்று அவளாகவே முடிவுகட்டி, பேனாவை எடுத்து அழகாகச் சுழி போட்டாள். பிறகு எண்பத்து நான்கு பிரதி எடுத்தாள். எவ்வளவு கவனமான பெண் நான் என்று அன்றைக்குப் பெருமை வேறு. நிஜமான ஆ பட்டியல் அந்தக் கோப்பின் அடியில் கவிழ்ந்து கிடந்தது. சுவர், மாதுளை, ஊசி என்று ஆரம்பித்தது. அதை ஒரு ஜீவனுக்கும் யாரும் படித்துக்காட்டியதில்லை.

ஆக, மதிப்பெண் குறையாததற்கு நடையும் காரணமில்லை, ஒரு மண்ணும் காரணமில்லை. ஒரே பாடத்தை நாலு தரம் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. குறிப்புக் கட்டத்தைப் பார்த்தாள். கண்டக்டரின் இரண்டாம் பரிசோதனைத் தாளில், சிரிப்பு அக்காவின் உருண்டை எழுத்தில் இருந்தது: 'இந்தப் பட்டியலை ஏற்கெனவே கேட்டதாகச் சொல்கிறார். பொய் நினைவு.' இன்னொரு தாளை எடுத்தாள். 'முன்பே கேட்டதாகப் பிடிவாதம் பிடிக்கிறார். பொய் நினைவு.' இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் பதினொன்று. அவள் கண்டுபிடித்ததாகக் கொண்டாடிய பதினொரு பேர். பதினொரு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மறதிக்காரர்கள் ஞாபகமாக இருக்கிறது என்று சொன்னதை, ஞாபகம் கெட்டுப்போனதற்கு அத்தாட்சியாக எழுதி வைத்திருந்தார்கள். கணினியில் ஒவ்வொருவருக்கும் நேராக 1 என்று தட்டியது இவளுடைய விரல்தான். கோப்பு அறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேறு யாருக்கும் தெரியாது. அதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டால் கேட்பார் இல்லை.

மதியம் அக்காவுக்கு போன் போட்டாள். பெரியவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. யோசனை சொல்வதென்றால் கரும்பு.

"வாயைத் தொறக்காதே. வெள்ளிக்கிழமை போய் நல்லபடியா பேசு. நிதி வரட்டும். அப்புறமா மெல்ல, 'இப்பதான் பார்த்தேன்'னு சொல்லு. உலகத்துல எவன் தப்பு பண்ணலை?"

"அக்கா, அவங்க சொன்னது நெஜம்க்கா. நாங்க நோய்னு எழுதியிருக்கோம்."

"அவங்களுக்கு அது ஞாபகமா இருக்கப்போகுது?" என்று பெரியவள் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

புதன்கிழமை காலை சின்னவள் சுருக்கத்தின் அறைக்குப் போய் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தாள். பேராசிரியர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அது அவருடைய ஆய்வும்தானே.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்போ உங்களுக்கு. எங்க அக்காவுக்கு."

"வெள்ளிக்கிழமை முடியட்டும். திங்கட்கிழமை உக்காந்து பேசலாம். நான் மறைக்கச் சொல்லல, தள்ளிப்போடச் சொல்றேன். அவ்வளவுதான்."

இந்த முறை "சுருக்கமா" என்று அவர் சொல்லவில்லை. சின்னவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள் என்ற குறிப்பு அவள் பையிலேயேதான் இருந்தது. தலையாட்டியது பயத்தினால். வேலை வேண்டும், வாடகை வீடு வேண்டும், அம்மா கட்டிடம் முழுக்கச் சொல்லிவைத்த பெருமை வேண்டும். முப்பத்திரண்டு வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க யாருக்குத்தான் தெம்பு இருக்கிறது?

வியாழக்கிழமை கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். பிஸ்கெட் இருந்தது, அதுவும் ஒரு காரணம். சுருக்கம் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் ஏழு குறிப்பையும் மளமளவென்று ஒப்பித்தாள். தூங்குங்கள் என்றபோது பின்வரிசையில் ஒருவன் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா, முடிந்தது என்று அவள் தாளை மடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கை தூக்கினாள். வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும். கழுத்து அட்டை இன்னும் பளபளவென்று இருந்தது.

"ஒரு சின்ன சந்தேகம். நம்மகிட்ட பரிசோதனைக்கு வர்றவங்க ஏதாவது சொன்னா, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அவங்களுக்குத்தான் மறதியாச்சே. நேத்து ஒருத்தர், 'இது போன தடவை கேட்டதுதான்'ன்னார். இங்க சீனியர் அண்ணா ஒருத்தர், அது நோயோட குணம், அப்படியே எழுதிக்கோன்னு சொன்னார். அப்படித்தானே?"

கண்டக்டர் தொண்டையைச் செருமுவது சின்னவளுக்குக் காதில் கேட்டது போலிருந்தது. அவள் சுருக்கத்தைப் பார்த்தாள். சுருக்கம் லேசாகத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார், வேண்டாம் என்று.

"அப்படி இல்லை" என்றாள் சின்னவள். "நான் அப்படித்தான் எழுதினேன். பதினொரு பேருக்கு எழுதினேன். பதினொண்ணும் தப்பு."

ஒருதரம் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. நகல் இயந்திரம், நீல மை, சுழி, கவிழ்ந்து கிடந்த தாள், ஒன்றுவிடாமல் சொன்னாள். பின்வரிசைக்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "இந்த ஏழு குறிப்பையும் மறந்துடுங்க. எல்லாம் நெட்ல கிடைக்கும். என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான். அவங்க ஏதாவது சொன்னா, நோய்னு எழுதறதுக்கு முன்னாடி எழுந்துபோய் அலமாரியைத் தொறந்து பாருங்க. ரெண்டு நிமிஷம் ஆகும். நான் ஒன்றரை வருஷம் பார்க்கலை." சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் பிஸ்கெட் மேசைப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுருக்கம் எழுந்து அவளைத் தாண்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நேர்காணலிலும் அதையே சொன்னாள். குழுவில் ஒருவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். நேர்மையைப் பாராட்டுவதாகவும், அடுத்த வருடம் மறுபடி முயற்சி செய்யுமாறும் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டுவதா? அம்மா மட்டும் "போனா போறாங்க, அவங்களுக்குக் கொடுப்பினை இல்ல" என்றாள்.

கடிதம் வந்த மறுநாள் சுருக்கம் அவளைக் கூப்பிட்டார். இன்னும் கோபம்தான், முகத்தைப் பார்க்கவில்லை. "மிச்ச நாளை எண்ணிக்கிட்டு உக்காராதே. நாற்பத்திரண்டு பேருக்கும் நிஜ ஆ லிஸ்ட்டைப் படிக்கணும். பதினொரு பேர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும். போன்ல வேண்டாம். நான் அஞ்சு பேர் வீட்டுக்குப் போறேன், நீ ஆறு." கதவுவரை வந்தவளை நிறுத்தி, "சுருக்கமா சொல்லாதே. முழுசா சொல்லு" என்றார்.

முதலில் கண்டக்டர் வீட்டுக்குத்தான் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அந்த அம்மாள் கதவைத் திறந்து, "என்ன டாக்டரம்மா, நம்ம இவரை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்களா?" என்று பதறினார். அவர் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான் போலிருக்கிறது. கண்டக்டர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இருந்தாலும் மரியாதையாக, "உள்ள வாங்க, உக்காருங்க, எடம் இருக்கு" என்றார்.

சின்னவள் முழுசாகவே சொன்னாள். தப்பு தன்னுடையது என்று சொன்னாள். மதிப்பெண் உண்மையில் எப்படி இருக்கிறது என்று இனிமேல்தான் தெரியும், குறைந்தும் இருக்கலாம் என்பதையும் சொன்னாள். அந்த அம்மாளின் முகம் அங்கே வாடியது. பிறகு, "ஒண்ணு கேக்கணும்மா. ஒரு வருஷம் முன்னாடி, ரெண்டாவது தடவை வந்தப்போ, இது கேட்ட லிஸ்ட்டுதான்னு இவர் சொன்னாரா?" என்றாள் சின்னவள்.

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னாரு. உள்ளயும் சொன்னாரு, படியில எறங்கும்போதும் சொன்னாரு. நான்தான் அதட்டினேன். மானத்தை வாங்காதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, பேசாம வாங்கன்னேன். அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசல மனுஷன். மூணாவது தடவைதான் அதே லிஸ்ட்டுன்னு எனக்கே பட்டுது, அப்பவும் இவர்கிட்ட ஒத்துக்கல. அதுக்கப்புறம் எது சொன்னாலும், 'அப்படித்தானே?'ன்னு என்னைப் பார்த்துக் கேட்டுட்டுத்தான் சொல்றாரு."

எழுந்து போய்க் கணவரின் நாற்காலிப் பக்கத்தில் குனிந்து நின்றார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க. நீங்க சொன்னது சரியாம். அந்த லிஸ்ட்டு அதேதானாம். டாக்டரம்மா இதைச் சொல்லத்தான் வீடு தேடி வந்திருக்காங்க."

"எந்த லிஸ்ட்டு?"

"கதவு, எலுமிச்சை."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் தன் வேலையில் யாரோ குற்றம் சொல்லியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்து அப்படித்தானே என்று கேட்கவில்லை.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல," என்றார், "நான் என்னிக்கும்மா ஸ்டாப்பைத் தப்பா சொல்லியிருக்கேன்?"